கடற்காற்றில் தடுமாறும் ஈயக்குண்டு: பயிர் தின்னும் பறவைக்கு ஏர்கன் பதிலாகுமா?

நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் விவசாயிகளிடமிருந்து தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘குருவித் தொல்லை தாங்க முடியவில்லை. ஏர்கன் வாங்கலாமா? எவ்வளவு தூரத்துக்குச் சுடலாம்?’ கடலோரத்து விவசாயி கேட்டால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ‘எங்கள் பக்கம் காற்று அதிகம். காற்றில் குறி தவறாமல் சுட என்ன வழி?’

தண்டையார்பேட்டையில் இன்று வயல் ஏது என்று கேட்கலாம். சரக்கு ரயில் யார்டு, எண்ணெய்க் கிடங்குகள், நெருக்கியடித்த தெருக்கள், தெருக்களுக்கு மேலே அங்கங்கே மாடித்தோட்டம். அவ்வளவுதான் அந்த ஊரின் பசுமை. ஆனால், வேலைக்காக வடசென்னையில் குடியிருந்துகொண்டு, வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் பயிர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் வண்டியை எடுத்துப் போய் மடை பார்த்துவிட்டு, ஷிப்டுக்குத் திரும்பி ஓடுகிறவர்கள். நாள் முழுக்க வயலில் நிற்க முடியாதவர்களுக்குத்தான் ஏர்கன் ஆசை அதிகம் வரும். வரப்பிலோ பம்ப்செட் கொட்டகை ஓரத்திலோ நின்று, ஐம்பது மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் நாலு குருவியைச் சுட்டால் மற்றவை பயந்து ஓடிவிடும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம். ஏனென்றால், துப்பாக்கியைக் கவிழ்க்கும் அதே காற்றைப் பயிர்க்காவலுக்கு வேலைக்கு வைக்க முடியும்.

நெல்லும் பதரும்

களத்தில் நெல் தூற்றுகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. முறத்திலிருந்து விழும் நெல்மணி காலடியில் விழுகிறது. பதர் காற்றோடு தள்ளிப்போய் விழுகிறது. அடிப்பது ஒரே காற்றுதான். மணிக்கு எடை உண்டு, பதருக்கு இல்லை. காற்றின் பேச்சைக் கேட்பதில் ஏர்கன் குண்டு நெல்மணியைவிடப் பதருக்குத்தான் நெருக்கமான உறவு.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர்கன்னுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மிகக்கூடாது. குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகக்கூடாது. இரண்டில் எதைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய அரை கிராம். இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி இருக்கும். அந்த வடிவம் கிட்டத்துக் குறிக்கு நல்லது. தூரம் போகப் போக அதே வடிவம் காற்றில் வேகத்தை இழந்துகொண்டே போகும். வேகம் குறையக் குறைய, பக்கக்காற்று அதைத் தள்ளுவது கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கவாட்டில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கடற்கரையோரம் கோடைப் பிற்பகலில் இது சாதாரணமான காற்று. தென்னை ஓலை சலசலக்கும், கொடியில் காயும் வேட்டி நன்றாக ஆடும், அவ்வளவே. இந்தக் காற்றில் 25 மீட்டர் தூரத்துக்குள் குண்டு நாலைந்து சென்டிமீட்டர் ஒதுங்கும். தூரத்தை இரட்டித்து 50 மீட்டர் ஆக்கினால், ஒதுங்கல் பத்து சென்டிமீட்டரோடு நிற்காது. சுமார் 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை போய்விடும். தூரம் இரண்டு மடங்கு, விலகல் நாலு மடங்குக்கும் மேலே. இது போக, அந்த 50 மீட்டரைக் கடப்பதற்குள் குண்டு ஓர் அடி அளவுக்குக் கீழேயும் இறங்கியிருக்கும்.

இனி குறியைப் பாருங்கள். நெற்கதிரில் தொங்கும் சில்லை (தினைக்குருவி, நெல்லுக்குருவி என்றும் சொல்வார்கள்) மொத்தமே ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை. அதைத் துடிக்காமல் சாகடிக்க வேண்டுமானால் சுண்டைக்காய் அளவுள்ள தலையில் அடிக்க வேண்டும். அது உட்கார்ந்திருக்கும் கதிரும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு சாண் ஒதுங்கும் குண்டை வைத்துக்கொண்டு, ஆடும் கதிரில் உள்ள சுண்டைக்காயை அடிக்கும் வேலை இது.

காற்றுக்கு ஏற்பக் குறியைத் தள்ளிவைத்துச் சுடலாமே என்று கேட்பார்கள். காற்று ஒரே சீராக அடித்தால் செய்யலாம். வயலில் காற்று அப்படி அடிப்பதில்லை. வேலிக் கருவேல் புதருக்குப் பின்னால் ஒரு வேகம், திறந்த வெளியில் ஒரு வேகம், பனைமர வரிசையைத் தாண்டியதும் இன்னொரு வேகம். சுடுகிறவரின் கன்னத்தில் படும் காற்று வேறு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் கதிரை ஆட்டும் காற்று வேறு. விசையை அழுத்தும் நொடியில் ஒரு வீச்சு கூடினால் போட்ட கணக்கு போச்சு.

ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் போட்டிக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? பத்தே மீட்டர். அதுவும் காற்றே புகாத உள்ளரங்கில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் பதக்கங்கள் வாங்கியதும் இதே தூரத்தில்தான். அவர்கள் கையில் இருப்பது நம் ஊர்க் கடையில் கிடைக்கும் துப்பாக்கியைவிடப் பல மடங்கு துல்லியமான கருவி.

தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சற்று உயர்த்திப் பிடித்துச் சுட்ட குண்டு முந்நூறு மீட்டர் வரைகூடப் போய் விழும். மீஞ்சூர் வட்டாரத்தில் முந்நூறு மீட்டர் என்பது ஒரு வயலோடு முடிகிற தூரமா? பக்கத்து வயலில் களை எடுக்கும் பெண்கள் இருப்பார்கள், மாடு மேய்க்கும் சிறுவன் இருப்பான், புதிதாக வந்த மனைப்பிரிவில் வீடு கட்டும் கொத்தனார் இருப்பார். நெல் வயலில் தண்ணீர் நிற்கிறதென்றால் இன்னொரு ஆபத்து. தாழ்வான கோணத்தில் தண்ணீரில் படும் குண்டு, சிறுவர்கள் குளத்தில் எறியும் ஓட்டாஞ்சில்லு போலத் தத்திப் போகும். எந்தத் திசையில் போகும் என்பது சுட்டவர் கையில் இல்லை. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. ஏர்கன் பெரிதாகச் சத்தம் போடாது. விற்கும்போது அதுதான் பெருமை. வயலில் அதுவே குறை. இருநூறு சில்லைகள் இறங்கிய வயலில் ஒன்று விழுந்தாலும் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் என்ன நடந்தது என்றே தெரியாது. எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு, வயலின் அடுத்த மூலையில் இறங்கும்.

‘காயப்படுத்தினாலும்’ வேட்டைதான்

உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்றால் பறவையைச் சுடலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம். வாங்குவதற்கு ஆயுதச் சட்டம், சுடுவதற்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் அல்ல. காயப்படுத்துவதும், பிடிப்பதும், முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் வேட்டையில் அடங்கும். கிளி, சில்லை, தூக்கணாங்குருவி, கொக்கு என்று வயலில் நாம் பார்க்கும் பறவைகளில் பெரும்பாலானவை அட்டவணையில் உள்ளவை. அவற்றைச் சுட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

‘காக்கையைச் சுட்டால் கேஸ் இல்லை’ என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய கதை. காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை ஒரு காலத்தில் ஐந்தாம் அட்டவணையில் ‘தொல்லை விலங்கு’ என்ற பட்டியலில் இருந்தன. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. ஓர் உயிரினத்தைத் தொல்லை விலங்காக அறிவிப்பது இப்போது மத்திய அரசின் தனி அறிவிக்கையால்தான் முடியும். அதுவும் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு.

பயிரைக் காக்கச் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கையோ பறவையையோ வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம், காரணம் காட்டி அனுமதி அளிக்கலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. மயிலுக்கு இந்த வழி கிடையாது. முதல் அட்டவணை உயிரினம் என்பதால் பயிர்ச்சேதம் என்ற காரணம் அங்கே செல்லாது. காட்டுப்பன்றிக்கே என்ன நிலைமை என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுகிறவர் வனத்துறைக்காரர்தான், விவசாயி அல்ல.

பழவேற்காடு பக்கம் நிலம் உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழவேற்காடு பறவைகள் சரணாலயம் 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஏரியை ஒட்டிய சில வருவாய் கிராமங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், சுட வேண்டும் என்பதில்லை. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். பையில் கிடக்கும் ஏர்கன்னுக்கும் இது பொருந்தும்.

மனிதர்மீது குண்டு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. படாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி அஜாக்கிரதையாக நடந்ததற்குப் பாரதிய நியாய சங்கிதையின் 125-ஆம் பிரிவு இருக்கிறது. தண்டையார்பேட்டை போன்ற இடத்தில் மாடியிலிருந்து புறாவைச் சுடுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே மாடிக்கு மாடி ஆள் நிற்கும்.

வெளியூர்க் கதைகள்

பிரிட்டனில் ஏர் ரைபிளால் பறவை சுடுவது இன்றும் நடக்கிறது. அங்கே காட்டுப்புறா பயிருக்குப் பெரிய எதிரி. சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைபிளின் ஆற்றல் வரம்பு சுமார் 16 ஜூல், நம்முடையதைவிடக் குறைவு. ஆனால், நினைத்தவர் நினைத்த பறவையைச் சுட முடியாது. அரசு வெளியிடும் பொது உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட வேண்டும். விரட்டுவது, வலை போடுவது போன்ற கொல்லாத வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 2019 ஏப்ரலில் சட்டச் சிக்கல் எழுந்தபோது இங்கிலாந்தில் மூன்று பொது உரிமங்களை ஒரே நேரத்தில் ரத்து செய்தார்கள். விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பிறகு திருத்திய உரிமங்கள் வந்தன. துப்பாக்கிப் பழக்கம் ஊறிய நாட்டிலேயே இது இவ்வளவு இழுபறி.

ஆப்பிரிக்காவின் கதை இன்னும் பெரிது. அங்கே சோளத்தையும் கம்பையும் சூறையாடும் சிவப்பலகுக் குவேலியா என்ற சிறு பறவையை, இரவில் அடையும் இடத்தில் மருந்து தெளித்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கொன்று பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கை குறையவில்லை. ஒரு கூட்டம் போன இடத்துக்கு இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. கோடியில் கொன்றே தீராததை ஒன்றிரண்டாகச் சுட்டுத் தீர்க்கப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் வராது.

நம் நாட்டிலேயே ஏர்கன் நிறைந்திருந்த மாநிலம் அருணாசலப் பிரதேசம். வேட்டை அங்கே வாழ்க்கையோடு கலந்தது. காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதைக் கண்டு, ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. 2021 மார்ச் மாதம் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் தொடக்க நாளிலேயே 46 பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் முழுக்க ஒப்படைத்தவை 1,600-ஐத் தாண்டின.

புகழ்பெற்ற இந்தியப் பறவையியலாளர் ஒருவரின் பயணமே ஓர் ஏர்கன்னில்தான் தொடங்கியது என்பது வேடிக்கையான உண்மை. 1908-ஆம் ஆண்டுவாக்கில் பம்பாயில் ஒரு சிறுவன் தன் மாமா கொடுத்த ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனான். அந்தச் சிறுவன்தான் சலீம் அலி.

காற்றின் நேரமும் குருவியின் நேரமும்

சரி, பயிரை என்ன செய்வது? ‘சுடாதே’ என்று சொல்லிவிட்டுப் போவதால் ஒரு மரக்கால் நெல்லும் மிஞ்சாது. குருவியால் நட்டப்பட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். மீஞ்சூர் மாதிரிப் பகுதியில் அது கூடுதலாகவே வலிக்கும். நாலு பக்கமும் மனைப்பிரிவும் சரக்குப் பெட்டக வளாகமும் வந்த பிறகு நடுவில் தீவுபோல நிற்கும் வயலில்தான் சுற்றுவட்டாரக் குருவியெல்லாம் இறங்கும். முன்பு நூறு ஏக்கர் பகிர்ந்துகொண்ட சேதத்தை இன்று ஐந்து ஏக்கர் சுமக்கிறது.

முதலில் நாட்களைச் சுருக்க வேண்டும். நெல்லில் பறவைக்கு ஏற்ற காலம் பால் பிடிப்பதிலிருந்து கதிர் முற்றும் வரை. சுமார் மூன்று வாரம். நேரடி விதைப்பு என்றால் விதைத்த முதல் பத்து நாளும் சேரும். மீதி நாட்களில் காவலுக்குச் செலவிடுவது வீண். அக்கம்பக்கத்தாரோடு பேசி ஒரே வாரத்தில் நடவு போட்டால், கதிரும் ஒன்றாக வரும். சேதமும் பலருக்கும் பிரிந்து போகும். முந்திப் போட்டவரும் பிந்திப் போட்டவரும்தான் அதிகம் இழப்பார்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. பறவை நாள் முழுக்கத் தின்பதில்லை. விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு பந்தி, நாலு மணியிலிருந்து இருட்டும் வரை இன்னொரு பந்தி. உச்சிவெயிலில் மரத்தில் அடைந்துவிடும். இந்த நேரத்தின் மேல் காற்றின் நேரத்தை வைத்துப் பாருங்கள். நவரைப் பயிர் பால் பிடிக்கும் மார்ச், ஏப்ரலில் நம் கடலோரம் விடியற்காலையில் காற்று அடங்கிக் கிடக்கும். முற்பகலில் கடற்காற்று எழும். மாலையில் நன்றாக வீசும். சொர்ணவாரி கதிர் வரும் ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அதைத் தள்ளிக்கொண்டு கடற்காற்று உள்ளே வருவதற்கு மதியம் தாண்டிவிடும். ஆக, மாலைப் பந்திக்குக் காற்று துணைக்கு இருக்கிறது. காலைப் பந்திக்கு, குறிப்பாக நவரையில், காற்று இல்லை.

மாலைக்கு நாடா போதும். ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் சிவப்புமாக மினுக்கும் ஜிகினா நாடாவைத்தான் சொல்கிறோம். ஐதராபாத்தை மையமாகக் கொண்டு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கிய வேளாண் பறவையியல் திட்டம் நெடுங்காலமாகச் சோதித்துச் சொன்ன முறை இது. பத்து மீட்டருக்கு ஒரு மூங்கில் கழி நட்டு, கதிருக்கு ஓர் அடி உயரத்தில் கட்ட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பயன் இல்லை. இரண்டு மூன்று முறுக்குக் கொடுத்து, சற்றுத் தொய்வாக விட வேண்டும். அப்போதுதான் காற்றில் திரும்பித் திரும்பி வெயிலைப் பளிச்சிடும், ‘விர்ர்’ என்று அதிரவும் செய்யும். காற்று ஓடும் திசைக்கு நேராக இல்லாமல் குறுக்காகக் கட்டுவது முக்கியம். கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருவதால் வடக்கு தெற்காகக் கட்டினால் சரியாக இருக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் அந்த வாக்கில்தான் அதன் முகத்தில் படும். பழைய கேசட் டேப்பை வயலில் கட்டி ஓசை எழுப்பிய விவசாயிகள் யாரும் சொல்லித்தராமலே இதைக் கண்டுபிடித்தவர்கள். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. பத்துப் பதினைந்து நாளில் குருவி பழகிவிடும். எனவே பால் பிடிக்கும் முன்பே கட்டிவிடாதீர்கள். முதல் கூட்டம் இறங்கும் நாளில் கட்டுங்கள்.

காலைக்கு ஆள்தான் வேண்டும். காற்று இல்லாத விடியலில் ஜிகினா நாடா வெறும் கயிறு, பொம்மையும் வெறும் பொம்மை. அந்த இரண்டு மணி நேரம் ஒருவர் வரப்பில் நடந்தால் போதும். தகர டப்பாவைத் தட்டலாம், கவண் சுழற்றலாம். தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடிய காலத்திலிருந்தே, குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்று பெயர் சொல்லி வரும் கிளிகடி கருவிகளின் காலத்திலிருந்தே, குருவியை விரட்டியது ஆள் இருக்கிறார் என்ற சத்தம்தான். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து முறைவைத்துக்கொண்டால், ஒருவருக்கு நாலு நாளைக்கு ஒரு காலை வரும். நடப்பவர் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. சேதம் பெரும்பாலும் வரப்போரமும் மர ஓரமும்தான் விழும். வயல் நடுவில் நிற்பதைவிட, வேலிக் கருவேல் புதர் இருக்கும் பக்கம் நிற்பது பலன் தரும். அந்தப் புதரை வெட்டிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

நாற்றங்கால், விதைநெல், காய்கறி போன்ற சிறு பரப்புக்கு வலையே சரி. காசிமேடு, பழவேற்காடு பக்கம் கழித்துப்போட்ட மீன்வலை மலிவாகக் கிடைக்கும் என்பதால் பலரும் அதை வாங்கிப் போர்த்துகிறார்கள். தொய்வாக விட்டால் சாரைப்பாம்பும் ஆந்தையும் சிக்கிச் சாகும். இரண்டும் எலிக்கு எமன்கள். எனவே கழி நட்டு இழுத்துக் கட்டுங்கள். தரையோடு விடாமல் ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். மக்காச்சோளத்தில் கிளித்தொல்லை என்றால், ஓரத்து மூன்று நாலு வரிசையில் மட்டும் கதிரைப் பக்கத்து இலையால் சுற்றிக் கட்டுவது கைகொடுக்கும். சூரியகாந்தி, சோளத்துக்கு முட்டைக் கரைசல் பரிந்துரைக்கிறார்கள். லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 25 மில்லி கலந்து தெளித்தால் அந்த வாடைக்குப் பறவை ஒதுங்கும் என்கிறார்கள்.

வெடியும் கார்பைடு குழாயும் வேண்டாம். குரங்கை விரட்டவென்று பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கியை 2025 தீபாவளி நேரத்தில் போபால் உள்ளிட்ட மத்தியப் பிரதேச ஊர்களில் சிறுவர்கள் விளையாட்டாக வெடித்தார்கள். ஏராளமானவர்களுக்குக் கண் பாதிக்கப்பட்டது.

விரட்டும்போது எந்தப் பறவை என்று பார்த்து விரட்டுவதும் அவசியம். கரிச்சானும் மைனாவும் கொக்கும் வயலுக்கு வருவது புழுவுக்கு. தூக்கணாங்குருவிகூடக் குஞ்சு பொரித்த நாட்களில் அதற்குப் பூச்சியைத்தான் ஊட்டும். கதிர் வரும்வரை ஏக்கருக்கு எட்டுப் பத்து இடத்தில் ‘டி’ வடிவக் குச்சி நட்டு இவற்றை உட்காரவைக்கலாம். பால் பிடித்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே குச்சி தினைக்குருவிக்குத் திண்ணையாகிவிடும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு

தண்டையார்பேட்டை மாடியில் தக்காளி நாற்றைக் காக்கை பிடுங்குகிறது, கீரையைப் புறா மேய்கிறது, மிளகாயைக் கிளி கொறிக்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து வலைதான். கடலோர மாடியில் காற்று வயலைவிட வேகமாக அடிக்கும். வலையைச் செடிமேல் வெறுமனே போர்த்தினால் ஒரே நாளில் சுருட்டி அடுத்த தெருவில் போடும். இரும்புக் குழாயிலோ மூங்கிலிலோ சட்டம் கட்டி அதில் பிணைக்க வேண்டும். சட்டத்தைப் பக்கச்சுவரோடு கட்டுங்கள், தொட்டியோடு கட்டாதீர்கள். வலைக்கண் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிட்டுக்குருவிகூடச் சிக்காது. விதைத்த தொட்டியைக் காய்ந்த தென்னை ஓலையால் மூடி, முளை இரண்டு அங்குலம் வந்ததும் எடுத்துவிட்டால் காக்கைக்கு வேலையே இல்லை. பக்கத்து வீட்டார் தானியம் போடுவதால்தான் புறா குவிகிறது என்றால், வலைக்கு முன் அவரோடு பேசிப் பார்ப்பது செலவில்லாதது.

வயலில் கட்டிய ஜிகினா நாடாவை மட்டும் அறுவடை அன்றே அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். அறுந்து தாளில் கிடந்தால், மறுநாள் மேய வரும் மாடு வைக்கோலோடு சேர்த்து விழுங்கிவிடும்.